கோயாவின் கஞ்சியும் கேசரிப் பருப்பும்

ரூம்மேட் ஒரு சபதம் எடுத்திருக்கான். அடுத்த மாச உதவித்தொகை வர்ற வரைக்கும் மூணு வேளையும் பருப்பு மட்டும்தானாம். அரிசி கிடையாது, ரொட்டி கிடையாது, முட்டை கிடையாது. மாட்ரிட்ல எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் அலமாரியோட அடித்தட்டுல 'லென்தேஹாஸ்'னு பழுப்பு நிறத்துல ஒரு கிலோ பாக்கெட் கிடக்கும். நம்ம மைசூர் பருப்பு தோலோட இருந்தா எப்படி இருக்குமோ, அதேதான். "நூறு கிராம்ல இருபத்தஞ்சு கிராம் புரதம்டா, அரிசியில ஏழுதான். அப்புறம் எதுக்கு அரிசி?"ன்னு கேக்கறான்.

ஒரு மாசத்துக்கு ஒண்ணும் ஆகாது. வாயுத் தொல்லைதான் வரும். (சின்ன ஃபிளாட், நாலு பேர், குளிர்காலம், ஜன்னலைத் திறக்க முடியாது. மேற்கொண்டு நான் விவரிக்க வேண்டாம்னு நினைக்கிறேன் :-) ) ஆனா பருப்பையே முக்கிய உணவா வெச்சு மாசக்கணக்குல சாப்பிட்டா என்ன ஆகும் என்கிற கேள்விக்கு வரலாற்றில் நிறைய பதில் இருக்கு. அந்தப் பதில்கள் யாரும் விரும்பி இறங்கின சோதனையிலிருந்து வந்தவை இல்லை. அதில் ஒரு பதில் இதே மாட்ரிட் நகரத்தில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் கிடைத்தது.

கோயா என்கிற ஸ்பானிஷ் ஓவியரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. நெப்போலியன் படை ஸ்பெயினுக்குள் நுழைந்த காலத்தில் கண்ட அட்டூழியங்களை 'போரின் பேரழிவுகள்' என்று ஒரு வரிசையாகச் செப்புத் தகட்டில் செதுக்கி வைத்தார். உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை. அவர் செத்து 35 வருஷம் கழித்து, 1863-ல்தான் அச்சாகி வந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் அந்தத் தொகுப்பைப் புரட்டும்போது 51-வது படத்தில் நின்றேன். வெட்டு குத்து எதுவும் இல்லாத படம். ஒருத்தர் நின்றபடி பானையிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொடுக்கிறார். கிழிந்த துணியும் குழிவிழுந்த கண்ணுமாக ஜனங்கள் கிண்ணத்தை நீட்டுகிறார்கள். கீழே ஒரு பெண் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். படத்துக்குத் தலைப்பு, நம்ம பாஷையில் சொன்னால், 'அல்மோர்த்தா புண்ணியத்தில்'.

1811-லிருந்து 1812 வரைக்கும் மாட்ரிட்டில் கடும் பஞ்சம். போரால் விளைச்சல் போச்சு, இருந்த தானியத்தைப் படைகள் தூக்கிக்கொண்டு போயின, கோதுமை ரொட்டி யானை விலை. சுமார் 20,000 பேர் செத்தார்கள் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. மிச்சப் பேரைக் காப்பாற்றியதில் அல்மோர்த்தா மாவில் காய்ச்சிய கஞ்சிக்குப் பெரிய பங்கு உண்டு. கோயாவின் தலைப்பு நிஜமான நன்றியா, குத்தலா என்று கலை விமர்சகர்கள் பேசுவார்கள். என்னைக் கேட்டால் ரெண்டும்தான். எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற அந்தப் பெண்ணை, இந்தக் கஞ்சியால் வரும் கால் முடக்கத்தின் பழைய சித்திரங்களில் ஒன்றாக மருத்துவர்கள் காட்டுகிறார்கள்.

அல்மோர்த்தா என்னன்னு தேடினால், அட, நமக்குத் தெரிஞ்ச ஆள்! கேசரிப் பருப்பு.

ரவா கேசரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் உணவுக் கலப்படம் பாடம் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலில் தண்ணி, மிளகில் பப்பாளி விதை, துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு வரும், அது கலப்படம். இரண்டு மதிப்பெண். "கேசரிப் பருப்பு உண்பதால் வாதநோய் வரும்" என்று ஒரு வரி மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை ஊர், எத்தனை பேர் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திடறேன். என் ரூம்மேட் வேக வைக்கும் மைசூர் பருப்பில் இந்த விஷம் கிடையாது. பட்டாணி, மைசூர் பருப்பு, கேசரி மூணும் தாவரவியல்படி பங்காளிகள். ஆனா வில்லங்கம் கேசரியிடம் மட்டும்தான். இருந்தாலும் 'பருப்பு மட்டுமே சோறு' என்ற நிலைக்கு மனுஷங்க தள்ளப்பட்டபோதெல்லாம் அவங்க தட்டில் வந்து விழுந்தது பெரும்பாலும் கேசரிதான். காரணம் அதோட குணத்திலேயே இருக்கு.

இவ்வளவு நல்ல பயிர் வேற இல்லைங்க. மழை பொய்த்தாலும் வளரும், தண்ணி தேங்கினாலும் தாங்கும். உரம் வேண்டாம், களை எடுக்க வேண்டாம். விதையில் கால் பங்குக்கு மேல் புரதம். காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்த்து அடுத்த பயிருக்கும் உதவி பண்ணும். எங்க ஊர் தஞ்சாவூர் பக்கம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தில் உளுந்தைத் தெளிச்சு விடுவாங்க. நெல்லை அறுத்த பிறகு உளுந்து அந்த மிச்ச ஈரத்திலேயே வந்துடும், பனி போதும். அச்சு அசல் இதே முறையில்தான் சத்தீஸ்கரிலும் வங்காளத்திலும் கேசரியைத் தெளிக்கிறாங்க. சத்தீஸ்கரில் 'உதேரா', வங்காளத்தில் 'பைரா' என்று பெயர். செலவே இல்லாத விளைச்சல்.

எல்லாப் பயிரும் சாகும் வருஷத்தில் இது மட்டும் நிற்கும். அதனாலேயே எல்லாப் பயிரும் செத்த வருஷத்தில் இது மட்டுமே சாப்பாடு. போதாக்குறைக்கு, வறட்சியில் வளரும் கேசரியில் விஷம் இன்னும் கூடுது.

இது பழைய காலத்து ஆட்களுக்கே தெரிஞ்சிருந்தது. ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவக் குறிப்புகளில், ஐனோஸ் என்ற ஊரில் தொடர்ந்து பயறு வகைகளையே தின்ன ஆணும் பெண்ணும் காலில் பலம் இழந்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது என்று வருகிறது. நம்ம பக்கம் 16-ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூலிலும், ஒரு வகைப் பருப்பு மனிதனை நொண்டியாக்கும் என்ற எச்சரிக்கை உண்டு. 1671-ல் ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பிரபு இந்த மாவை ரொட்டியில் கலக்கக் கூடாது என்று ஆணை போட்டார். 1873-ல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கந்தானி இந்த நோய்க்கு 'லத்திரிசம்' என்று பெயர் வைத்தார். எச்சரிக்கை எப்பவும் இருந்திருக்கு. கேட்டு நடக்கும் வசதிதான் ஜனங்களுக்கு இல்லை.

இந்தியாவில் நடந்ததை விரிவாக எழுதி வைத்தவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. தக்கர்களை ஒழித்தவர் என்று பள்ளியில் படித்தோமே, அதே ஸ்லீமன்தான். 1844-ல் வந்த அவருடைய பயணப் புத்தகத்தில், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சாகர் பகுதியில் ஒரு கிராமத்தைப் பற்றிச் சில பக்கங்கள் வருகின்றன. 1829-ல் ஆலங்கட்டி மழை கோதுமையை அடித்து நாசமாக்கியது. 1830-ல் பருவ மழை சரியில்லை. 1831-ல் பயிரில் நோய். மூணு வருஷம் வரிசையாக அடி. கோதுமைக்கு நடுவில் யாரும் விதைக்காமலே முளைத்து, மாட்டுக்குத் தீவனமாகிக் கொண்டிருந்த 'தேவ்ரி' என்கிற கேசரி மட்டும் செழித்து நின்றது. அந்த வருஷம் அதை அறுத்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். தண்டையும் இலையையும் மாட்டுக்குப் போட்டுவிட்டு மணியை மனுஷன் தின்றான். அடுத்தடுத்த வருஷமும் அதேதான்.

1833-ல் ஆரம்பித்தது. முப்பது வயசுக்குக் கீழே இருந்தவர்களுக்கு, திடீரென்று, இடுப்புக்குக் கீழே கால் வேலை செய்யவில்லை. அந்த ஊர் இளைஞர்களில், ஆண் பெண் இரு பாலிலும், பாதிப் பேருக்கு ரெண்டே வருஷத்தில் இந்த நிலை. சிலர் நகரவே முடியாமல் போனார்கள்.

ஸ்லீமன் குறிப்பில் என்னை உலுக்கியது அந்த வயசுக் கணக்கு. கிழவர்களை விட்டுவிட்டு இளசுகளை ஏன் அடித்தது? பின்னாளில் வந்த ஆய்வுகளிலும் இதேதான், குறிப்பாக உழைக்கும் வயசு ஆண்கள். அதிகம் உழைக்கிறவனுக்கு அதிகம் பசி. அதிகம் பசிக்கிறவன் அதிகம் தின்பான். வீட்டில் இருக்கிறதில் பெரிய பங்கை வேலைக்குப் போகிறவன் தட்டில் வைப்பதுதானே எங்கேயும் வழக்கம். பாசத்தோடு வைத்த பங்கு அது.

நோயைப் பற்றி ரெண்டு வரி. மூளையிலிருந்து காலுக்குக் கட்டளை போகும் நரம்பணுக்கள் கெடுகின்றன. கை பாதிப்பது அபூர்வம், புத்தி தெளிவாகவே இருக்கும், ஆயுசும் குறையாது. கால் மட்டும் விறைத்துக்கொண்டு கத்தரிக்கோல் மாதிரி பின்னும். குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் நடை. மருத்துவர்கள் இதைப் படிகளாகப் பிரிக்கிறார்கள்: கோல் இல்லாமல் தடுமாறி நடப்பவர், ஒரு கோல் ஊன்றுபவர், ரெண்டு கோல் ஊன்றுபவர், கடைசியில் உட்கார்ந்தபடி கையால் உந்தித் தவழ்ந்து போகிறவர். மருந்து கிடையாது. சாப்பிடுவதை நிறுத்தினால் மேலும் மோசமாகாது, ஆனால் போனது திரும்பாது. இருபது வயசில் தவழ ஆரம்பித்தவர் எழுபது வயசு வரை தவழலாம்.

ஸ்லீமன் பார்த்தது பஞ்சத்தில் வந்தது. பஞ்சம் இல்லாமலும் வந்த இடம் ஒன்று உண்டு, அதே மத்தியப் பிரதேசத்தின் ரீவா. அங்கே பண்ணையில் கட்டுண்டு வேலை செய்த ஆட்களுக்குப் பணமாகக் கூலி கிடையாது. தானியமாக அளந்தார்கள். அளந்தது கேசரி, அல்லது கேசரி கலந்த கோதுமை. கோதுமை சந்தைக்குப் போனால் காசு, கேசரிக்கு விலை இல்லை. ஆக எதை விற்பது, எதை ஆளுக்கு அளப்பது என்பது பண்ணையாருக்கு ரொம்ப எளிதான கணக்கு. கூலிக்காரன் வீட்டில் காலையும் கேசரி ரொட்டி, இரவும் கேசரி ரொட்டி. தொட்டுக்கொள்ளவும் சில சமயம் கேசரியே. பண்ணையார் வீட்டிலும் கேசரி சாப்பிட்டிருப்பார்கள், சாதத்தோடும் நெய்யோடும் காய்கறியோடும் ஒரு கரண்டி பருப்பாக. அவர்களில் யாரும் கோல் ஊன்றவில்லை.

1950-களின் கடைசியில் கணபதி, திவிவேதி என்ற மருத்துவர்கள் ரீவாவில் வீடு வீடாக ஆராய்ந்தார்கள். ரீவா, சத்னா ரெண்டு மாவட்டத்திலும் சேர்த்து ஏறக்குறைய 25,000 பேர் முடங்கியிருந்ததாக அன்றைய கணக்கு. சாப்பாட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேசரியாக இருந்து, அது சில மாசம் தொடர்ந்தால் ஆபத்து என்பது இந்த மாதிரி ஆய்வுகளால்தான் பிடிபட்டது.

அரசாங்கம் என்ன செய்தது? 1961-ல் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளில் கேசரி விற்பனைக்குத் தடை கொண்டு வந்தது. அந்த விதியைப் படித்தால் சிரிப்பும் வருது, ஆத்திரமும் வருது. ஒவ்வொரு மாநில அரசும் தானே ஒரு தேதி குறித்து அறிவித்தால்தான் அந்த மாநிலத்தில் தடை. கேசரி அதிகம் விளையும் மாநிலங்களில் சில அந்தத் தேதியைக் குறிக்கவே இல்லை. விளைச்சலுக்குத் தடை இல்லை. தடை விற்பனைக்கு. ரீவா கூலிக்காரன் எந்தக் கடையில் போய்க் கேசரி வாங்கினான்? களத்தில் மரக்காலால் அளந்து அவன் துண்டில் கொட்டியதை எந்த ஃபுட் இன்ஸ்பெக்டர் வந்து பிடிப்பார்? துவரம் பருப்பில் கேசரி கலந்து விடுமோ என்று பயந்த நகரத்து வீடுகளை அந்தச் சட்டம் பாதுகாத்தது. நம்ம பாடப் புத்தகத்தில் ரெண்டு மதிப்பெண் கேள்வியாக வந்து சேர்ந்ததும் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான். முடங்கிய ஆட்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

ஐரோப்பாவில் இதே பருப்பு இன்னும் கொடுமையான ஒரு கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது ருமேனியாவின் ஆளுகையில் இருந்த, இன்று உக்ரைனில் இருக்கிற, வப்னியார்கா என்ற இடத்தில் ஒரு சிறைமுகாம். 1942 செப்டம்பரில் சுமார் 1,200 யூதர்களை அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். தினமும் ஆளுக்கு 400 கிராம் வேக வைத்த கேசரி, 200 கிராம் வாற்கோதுமை ரொட்டி. உள்ளே ரெண்டு காலில் வருகிறீர்கள், வெளியே நாலு காலில் போவீர்கள் என்ற பொருளில் முகாம் தலைவன் முதல் நாளே சொன்னான் என்று பிழைத்தவர்கள் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் கால்கள் விறைக்க ஆரம்பித்தன.

கைதிகளில் ஆர்தர் கெஸ்லர் என்று ஒரு மருத்துவர் இருந்தார், செர்னோவிட்ஸ் ஊர்க்காரர். ஒரே மாதிரி அறிகுறியோடு ஆட்கள் வரிசையாக விழுவதைப் பார்த்ததும், இது தொற்றுநோய் இல்லை, தட்டில் இருக்கும் பருப்புதான் என்று கண்டுபிடித்துவிட்டார். சொன்னால் முகாம் நிர்வாகம் கேட்குமா? கேட்கவில்லை. கைதிகள் ஒன்றாக முடிவெடுத்து அந்தப் பருப்பைத் தொடமாட்டோம் என்று மறுத்தார்கள். யோசித்துப் பாருங்க. பனிக்காலம், சிறைமுகாம், ஏற்கெனவே பட்டினி. தட்டில் இருக்கும் ஒரே சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளுவது. 1943-ன் ஆரம்பத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது, கேசரி நின்றது. அதற்குள் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோய், பலருக்கு ஆயுசுக்கும் முடக்கம். கெஸ்லர் தப்பிப் பிழைத்து, பிறகு இஸ்ரேலில் குடியேறி, அந்த முகாமில் முடங்கியவர்களுக்குப் பல வருஷம் வைத்தியம் பார்த்தார். காந்தி உண்ணாவிரதம் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். இந்த உண்ணாவிரதம் பற்றி நான் இங்கே வந்துதான் படித்தேன்.

கிட்டத்தட்ட அதே வருஷங்களில் ஸ்பெயினிலும் கால்கள் முடங்கின. 1939-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது, ஃபிராங்கோ ஆட்சி, ரேஷன் அட்டை, கள்ளச் சந்தை. கோதுமை மாவு இல்லாத வீடுகளில் மறுபடி அல்மோர்த்தா மாவு. கார்லோஸ் ஹிமேனெஸ் தியாஸ் என்ற மாட்ரிட் மருத்துவர் நோயாளிகளைப் பரிசோதித்து 1940-களில் எழுதிய ஆய்வுகள் இந்த நோயின் வரலாற்றில் முக்கியமானவை. 1967-ன் உணவுச் சட்டம் அல்மோர்த்தாவை மனிதர் சாப்பிடக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

ஆனால் லா மான்ச்சா பக்கத்து ஜனங்கள் விடவில்லை. (ஆமாம், டான் குயிக்ஸாட்டின் அதே லா மான்ச்சா.) அந்த மாவில் செய்யும் 'காச்சாஸ்' என்ற கூழ் அவர்களுக்குக் குளிர்காலத்து விசேஷம். பூண்டு, மிளகாய்த் தூள், பன்றிக் கொழுப்பு போட்டு வதக்கி, மாவைத் தூவிக் கிளறி, தண்ணி விட்டுக் கொதிக்க வைத்து, நடுவில் வாணலியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவார்கள். தடை இருந்த காலத்திலும் சாப்பிட்டார்கள், பிறகு தடையும் தளர்ந்தது. வருஷத்தில் சில நாள், கறியோடும் ரொட்டியோடும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாத்தாவின் காலை முடக்கிய அதே மாவு பேரனுக்குப் பண்டிகைச் சாப்பாடு.

இது எப்படி?

1964-ல் ரெண்டு இந்தியக் குழுக்கள் தனித்தனியாக அந்த விஷத்தைப் பிரித்தெடுத்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா. டெல்லியில் மூர்த்தி, சேஷாத்ரி, வெங்கடசுப்பிரமணியன். பெயர் வாயில் நுழையாத ஒரு அமினோ அமிலம், சுருக்கமாக 'ஓடாப்'. தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் ஐதராபாத்தில் கோபாலன் குழு (நம்ம சேலத்தில் பிறந்த சி. கோபாலன்தான், இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் பெரிய பெயர்) 1966-ல் ஒரு எளிய வழி சொன்னது. வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் விஷத்தின் பெரும்பகுதி போய்விடும். அருமையான வழி. ஆனால் பஞ்ச காலத்தில், மூணு மைல் நடந்து தூக்கி வந்த தண்ணியை, விறகு செலவழித்துச் சுட வைத்து, கீழே கொட்டச் சொன்னால் யார் கேட்பார்கள்? அந்தத் தண்ணியோடு பி வைட்டமின்களும் போகும் என்பது வேறு.

இன்னொரு பக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லாப் பருப்பிலும், நல்ல பருப்பிலும்கூட, ஒரு குறை உண்டு. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் குறைவு. அரிசி, கோதுமையில் அவை கூடுதல், ஆனால் அங்கே லைசின் குறைவு, அது பருப்பில் தாராளம். ஒன்றின் பள்ளத்தை ஒன்று நிரப்புகிறது. சாம்பார் சாதம், இட்லி, வெண்பொங்கல், யாழ்ப்பாணத்துச் சோறும் பருப்புக் கறியும் எல்லாம் ஆராய்ச்சிக் கூடம் இல்லாமலே இந்தக் கணக்கில் வந்து நின்றவை. கேசரி விஷயத்தில் இந்தச் சேர்க்கை புரதக் கணக்கைத் தாண்டி, நரம்பையே காப்பாற்றுகிறது. 1990-களின் பிற்பகுதியில் எத்தியோப்பியாவின் தெலாந்தா பகுதியில் இந்த நோய் மறுபடி பரவியது. அங்கே ஆய்வு செய்தவர்கள் 2003-ல் எழுதியது இதுதான்: நிவாரணமாக வந்த தானியத்தைக் கேசரியோடு கலந்து சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. கேசரியை அப்படியே வேக வைத்தோ வறுத்தோ தின்றவர்கள் விழுந்தார்கள்.

லாவாபியேஸ் என்று மாட்ரிட்டில் ஒரு பேட்டை, வங்கதேசத்துக்காரர்கள் நிறைய. நாங்க மிளகாய்த் தூளும் கருவேப்பிலையும் வாங்குவது அங்கேதான். கடைக்கார அண்ணனிடம் ஒரு நாள் கேசரி பற்றிக் கேட்டேன், ஏதோ கடத்தல் சரக்கு விசாரிக்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி. அவர் சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல ஏழைங்களோட பருப்பே அதான் தம்பி. நோன்பு மாசத்துல பியாஜு வேற எதுல சுடுவாங்க?" பியாஜு என்றால் வெங்காயம் போட்ட பருப்பு வடை. தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கான பேர் சோற்றோடும் மீனோடும் சாப்பிட்டு நன்றாக நடமாடுகிறார்கள். அவர் குரலில் இருந்த சாதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. பாடப் புத்தகத்தில் விஷம், அவர் வீட்டில் வடை.

ஆக, ரூம்மேட் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பருப்பு சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை அதைவிட நல்ல துணை ஏழைக்கு இல்லை. சோறே பருப்பாகும்போது நல்ல பருப்பு என்றால் சத்துக் குறை, கெட்ட பருப்பு என்றால் கால் போகும். ஆனா சாகர் கிராமத்திலும் ரீவா பண்ணையிலும் வப்னியார்காவிலும் யாரும் பருப்பா சோறா என்று தேர்ந்தெடுக்கவில்லை. தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை வேறு யாரோ, அல்லது வானம், தீர்மானித்தது.

ரீவாவில் பிறகு நோய் குறைந்தது. எனக்குத் தெரிந்தவரை அந்தப் பெருமை 1961 தடையைவிட மற்றவற்றுக்கே அதிகம் சேரும். பாசனமும் பசுமைப் புரட்சியும் கோதுமையை மலிவாக்கின. ரேஷன் கடை வந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது, கூலி மெல்ல மெல்லக் காசாக மாறியது. கையில் காசு வந்தவன் கோதுமை வாங்கினான். கேசரியைக் கைவிடச் சொல்லி அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதே பசுமைப் புரட்சி வேறொரு பக்கம் கணக்கைச் சாய்த்ததையும் சொல்லணும். நல்ல நிலமெல்லாம் கோதுமைக்கும் நெல்லுக்கும் போனது, பருப்பு மானாவாரிக்குத் தள்ளப்பட்டது. இந்தியாவில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பருப்பு 1961-ல் 69 கிராம். 2001-ல் 30 கிராம். ஒரு காலத்தில் பருப்பு மட்டுமே தின்று முடங்கிய நாட்டில், பருப்பு எட்டாத விலைக்குப் போனது. 2015-ல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதே, அம்மா ஃபோனில் "சாம்பார் ரசமாயிடுச்சுடா"ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு.

அந்த விலையேற்றத்துக்குப் பின்னால்தான், 2016-ன் தொடக்கத்தில், கேசரி மீதான தடையை எடுத்துவிடலாம் என்ற பரிந்துரை வந்தது. அதற்கு முன்பே நாக்பூரில் சாந்திலால் கோத்தாரி என்பவர் இது ஏழையின் புரதம், தடை தப்பு என்று வருஷக்கணக்கில் போராடியிருந்தார். விஞ்ஞானிகளும் ரத்தன், பிரதீக், மகாதேவ்ரா என்று விஷம் மிகக் குறைந்த ரகங்களை உருவாக்கியிருந்தார்கள். இவற்றில் ஓடாப் 0.1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். மறுபக்கம், ஏழைகளை வைத்துச் சோதனையா என்று கடும் எதிர்ப்பு.

ரெண்டு தரப்பிலும் நியாயம் இருக்கு. எனக்குத் தடையை நீக்குவதில் ஆட்சேபம் இல்லை. வங்கதேசத்தையும் லா மான்ச்சாவையும் பார்த்த பிறகு, இதை விஷம் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் புது ரக விதையை மட்டும் நம்பி நீக்குவதென்றால் யோசிக்கணும். கேசரிப் பூவுக்குத் தேனீ வரும். பக்கத்து வயலில் பழைய ரகம் இருந்தால் மகரந்தம் கலந்து, விவசாயி தானே எடுத்து வைக்கும் விதையில் சில பருவங்களில் விஷம் மறுபடி ஏறலாம். ரெண்டு மணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் எந்த ரகம் என்பதோடு, கேசரி விளையும் மாவட்டங்களில் ரேஷன் அரிசியும் கோதுமையும் மாசம் தவறாமல் வீட்டுக்கு வந்து சேருகிறதா என்பதையும் அந்தக் குழுக்கள் கணக்கில் எடுக்கணும்.